பன்னிரண்டு சன்னல்களும் ஒரு ரேடியேட்டரும்

ஜூன் 10, திங்கள்

இன்று நான் சொல்லாதது: கிதியோன் சொன்னதுதான் சரி.

சொல்லியிருக்கலாம். கேட்கவும் செய்தார்கள். புதுக் கணினியைப் பூட்டித் தரச் சாத்தூரிலிருந்து வந்திருந்த கிதியோன், ரேடியேட்டரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "அண்ணாச்சி, இது மேலதான் இருக்கணும். கீழ மாட்டினா உள்ள இருக்கிற காத்தெல்லாம் பம்புக்கு ஏறிடும்" என்று மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை என்னைப் பார்த்துச் சொன்னார்.

விஷயம் இதுதான். என் மேசைக்கு வந்திருக்கும் கணினி தண்ணீரால் குளிர்வது. ப்ராசஸரின் தலையில் ஒரு சின்ன பம்பு உட்காரும். அதிலிருந்து இரண்டு கறுப்புக் குழாய்கள். குழாய்களின் மறுமுனையில், முழங்கை நீளத்தில், மூன்று மின்விசிறிகள் பூட்டிய ரேடியேட்டர். தண்ணீர் ப்ராசஸரின் சூட்டை வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கிவிட்டுத் திரும்பி வரும். இதையெல்லாம் அடக்கும் பெட்டியான கேபினட் அகலமானது. ரேடியேட்டரைக் கூரையிலும் மாட்டலாம், தரையிலும் மாட்டலாம்.

தங்கப்பழம் அண்ணாச்சிக்கு, அதாவது எங்கள் காலண்டர் அச்சகத்தின் முதலாளிக்கு, இதில் ஒரே ஒரு சொல்தான் காதில் விழுந்தது. தண்ணீர். உடனே வாஸ்து பார்க்கும் அய்யாத்துரைக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி சத்தமாக வைத்தார்.

"யோவ், கம்ப்யூட்டர் வாங்கியிருக்கு. உள்ள தண்ணி இருக்காம். எங்க வைக்க?"

"தண்ணின்னா ஈசானிய மூலை. பள்ளத்துல. தரையோட தரையா. இதுல என்னய்யா சந்தேகம்?"

போன் வைக்கப்பட்டது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "சுடரு, நீதான் இதுல உக்காந்து வேலை பாக்கப் போற. நீ என்ன சொல்ற?"

பெட்டி வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. கையேட்டை நான் சனிக்கிழமை முழுக்கப் படித்தேன். அதில் ஒரு படம்: தரையில் ரேடியேட்டர், உயரத்தில் பம்பு, அதன் மேல் பெரிய பெருக்கல் குறி.

"உங்க இஷ்டம் அண்ணாச்சி" என்றேன்.

கிதியோன் ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. அதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் அண்ணாச்சி என் மாதக் காலண்டருக்குச் சம்மதம் சொல்லியிருந்தார். ஐந்து வருடமாக முருகனுக்கு நகை மாட்டி, லட்சுமிக்குத் தாமரை மாற்றிக்கொண்டிருந்தவள், முதல்முறையாக என் சொந்த யோசனையைக் கேட்டேன்: சாமி இல்லாமல், ஆள் இல்லாமல், ஒரே ஒரு சன்னல். பன்னிரண்டு மாதமும் அதில் விழும் வெளிச்சம். "சன்னலை யாரு தாயி மாட்டுவா? அதான் வீட்லயே இருக்கே" என்று சிரித்தவர், அப்புறம், "சரி, ஜூலை இருபத்திரண்டு, ஆர்டர் பிடிக்கிற ஆல்பம் அச்சுக்கு ஏறுது. அதுக்குள்ள பன்னிரண்டும் வந்தா ஒரு பக்கம் தாரேன். வராட்டி அடுத்த வருஷம் முருகன்தான். திரும்ப இந்தப் பேச்சு எடுக்கக் கூடாது" என்றார்.

அப்படி ஒருவர் தலையசைத்த பத்தாவது நிமிடத்தில் அவருடைய வாஸ்துவைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

கணினி சத்தமே இல்லாமல் ஓடுகிறது. கையேடுகள் எல்லாவற்றையும் பெரிதுபடுத்தித்தான் எழுதுவார்கள்.

ஜூன் 15, சனி

ஜனவரி முடிந்தது. சன்னல் கம்பியின் நிழல் சுவரில் சாய்வாக விழுகிறது. நான் வெறுமனே வடிவங்களை அடுக்கி வைக்கிறேன். வெளிச்சம் எங்கே பட்டு எங்கே தெறிக்கும் என்று ஒவ்வொரு கதிராகக் கணக்குப் போடுவது கணினிதான். இதை ரெண்டர் என்போம். ஒரு படத்துக்குப் பதினைந்து மணி நேரம் ஆகிறது. பழைய கணினியில் ஐந்து நாள் ஆகும்.

பக்கத்து இருக்கை பேச்சியக்கா எட்டிப் பார்த்தார். தினசரிக் காலண்டர் தாளில் வரும் ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் அவர்தான் சரிபார்க்கிறார். வருடத்தின் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் அவருக்கு முன்கூட்டியே நடந்து முடிந்துவிடும்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு பூனையாவது வையேன்."

"வேண்டாங்கா. பூனை வந்தா எல்லாரும் பூனையத்தான் பாப்பாங்க."

"அதத்தானே நானும் சொல்றேன்."

ஜூன் 19, புதன்

குளுக் குளுக் என்று ஒரு சத்தம். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பாட்டிலில் தண்ணீர் குடிப்பது போல.

பேச்சியக்கா தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "நானில்ல" என்றார்.

ஜூன் 21, வெள்ளி

காலையில் வந்து பார்த்தால் பிப்ரவரி முக்கால்வாசியில் நின்றிருக்கிறது. சூடு நூறு டிகிரியைத் தொட்டதும் கணினி தானாக அணைந்திருக்கிறது. வெயில்தான் காரணம். சிவகாசியில் இந்த மாதம் எதுதான் நூறைத் தொடவில்லை.

பனிக்கடலில் சிக்கிய ஒரு கப்பலைப் பற்றிய புத்தகம் படிக்கிறேன். மாலுமிகள் பூட்ஸ் தோலை வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். பொறாமையாக இருக்கிறது. தோலுக்காக அல்ல, குளிருக்காக.

ஜூன் 24, திங்கள்

மேசை மின்விசிறியைக் கணினிக்குத் திருப்பி வைத்தேன். எனக்கு வேர்க்கிறது. அதற்கும் சூடு குறையவில்லை. குளுக் குளுக்.

அண்ணாச்சி வந்து நின்று கேட்டார். பிறகு என் முன்னாலேயே கிதியோனைப் போனில் பிடித்தார்.

"என்ன தம்பி, மிஷினைத் தள்ளி விட்டுட்டீரு. வயித்துப்போக்கு வந்த மாதிரி சத்தம் போடுது. பதினஞ்சு நாளுகூட ஆகலையே."

மறுமுனையில் என்ன பதில் வந்தது என்று தெரியவில்லை. நீளமாக இல்லை.

"அதெல்லாம் பேசாதீரும். எடம் சரியாத்தான் இருக்கு. சாமான்தான் சரியில்ல. இனி உம்ம கடைக்கு இந்தத் தெருவுல இருந்து ஒருத்தன் வரமாட்டான், நான் பாத்துக்கிடுதேன்."

நான் மார்ச் மாத சன்னலின் திரைச்சீலை மடிப்புகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மிகக் கவனமாக.

ஜூன் 26, புதன்

திரைச்சீலை மடிப்பு எதுவும் சரியில்லை. எல்லாவற்றையும் அழித்தேன்.

மத்தியானம் வெளியே போய் கிதியோனுக்குப் போன் செய்தேன். வேலை விஷயமாகத்தான்.

"மேடம், குளுக்குளுக்குன்னு கேக்குதா?"

"ஆமாங்க."

"காத்து பம்புக்குள்ள வந்து உக்காந்துருச்சு. தண்ணி சுத்தாம காத்தையே கடையுது. இப்படியே ஓடிச்சுன்னா பம்பு போயிரும்."

"என்ன செய்யலாம்?"

"என்ன செய்யணும்னு அன்னைக்கே சொன்னேனே." சிரித்தார். கோபம் இருந்திருக்க வேண்டும். ஆனால் சிரிப்புதான் கேட்டது. "சந்தேகம்னா ஒரு தடவ அணைச்சுட்டுத் தலைகீழா நிறுத்திப் போட்டுப் பாருங்க. காத்து ரேடியேட்டருக்குப் போயிரும். சத்தம் நின்னுரும்."

அண்ணாச்சி ஏசியதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போன் செய்தேன். மறந்துவிட்டது.

ஜூன் 27, வியாழன்

அண்ணாச்சி ஒன்றரைக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போவார். ஒரு தூக்கம் போட்டுவிட்டு மூன்றரைக்கு வருவார். முப்பது வருடமாக இதில் மாற்றமில்லை என்கிறார்கள்.

ஒன்று முப்பத்தைந்துக்குப் பேச்சியக்காவிடம், "ஒரு கை பிடிங்கக்கா" என்றேன்.

"என்னத்துக்கு?"

"இதைத் தலைகீழா நிறுத்தணும்."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "வியாழக்கிழமை. ஒன்றரைல இருந்து மூணு ராகு காலம். இப்ப நல்ல காரியம் எதுவும் தொடங்கக் கூடாது."

"இது நல்ல காரியமாக்கா?"

யோசித்தார். "இல்லதான். அப்ப தூக்கு."

துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் கவிழ்த்தோம். இப்போது ரேடியேட்டர் கூரையில், பம்பு அதற்குக் கீழே. சுவிட்சைப் போட்டதும் ஒரு நீளமான குளுக். அவ்வளவுதான், நிசப்தம். சூடு அறுபத்தெட்டில் நின்றது. மூன்றேகாலுக்கு மறுபடி நிமிர்த்தினோம். பிப்ரவரி மிச்சமும் முடிந்தது.

ஜூலை 3, புதன்

நிமிர்த்திய பிறகு ஒரு மூன்று மணி நேரம் ஒழுங்காக ஓடுகிறது. அப்புறம் காற்று மெல்ல ஏறிவிடுகிறது. ஆக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் நல்ல ஓட்டம். மார்ச் முடிந்தது. ஏப்ரல் பாதி. இந்தக் கணக்கில் ஜூலை இருபத்திரண்டுக்குள் ஒன்பதாவது மாதத்தில் நிற்பேன். எட்டு மாதத்தோடு முடியும் வருடத்தை யார் வாங்குவார்கள்.

அக்கா கேட்டார்: "பேசாம அண்ணாச்சிகிட்ட சொன்னா என்ன?"

"நேரம் பாத்துச் சொல்றேன்."

"நேரம் நான் பாத்துத் தாரேன்டி. அதானே என் வேலை." தாளைப் புரட்டினார். "நாளைக்கு பத்தே முக்கால்ல இருந்து பதினொன்னே முக்கால். அமிர்தம்."

ஜூலை 4, வியாழன்

பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால் வரை அண்ணாச்சி அறை வாசலில் ஒரு முறை நின்றேன். திரும்பி வந்தேன். உள்ளே யாரோ இருந்தார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். உள்ளே அவர் மட்டும்தான் இருந்தார்.

ஜூலை 9, செவ்வாய்

இரண்டு மணிக்கு அண்ணாச்சி வந்துவிட்டார். அவர் வீட்டில் கரண்ட் இல்லையாம். தூக்கம் வரவில்லையாம்.

கணினி துண்டின் மேல் தலைகீழாக நின்று ஓடிக்கொண்டிருந்தது. கால்கள் நான்கும் மேலே. அண்ணாச்சி வாசலில் நின்று அதை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தார்.

"என்ன இது, சிரசாசனமா?"

"தூசி துடைக்கோம் அண்ணாச்சி" என்றார் பேச்சியக்கா, கையில் துணிகூட இல்லாமல்.

"ஓடும்போதேவா?"

அக்கா என்னைப் பார்த்தார். இந்த மாதிரிச் சமயங்களில் எனக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். இன்று ஏனோ முழுதாகச் சாத்தவில்லை. அந்த இடைவெளியில் சொல்லிவிட்டேன். ரேடியேட்டர் கீழே இருப்பதுதான் தப்பு என்று. கிதியோன் சொன்னதுதான் சரி என்று. முதல் நாளே எனக்குத் தெரியும் என்று.  நடுவில் நிறுத்தவில்லை.

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"ரெண்டு வாரமா அந்தப் பையனை ஏசிக்கிட்டிருக்கேன். இந்தத் தெருவுல நாலு பேருட்ட சொல்லிட்டேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்க."

"ஆமா."

"சொன்னா சன்னலை எடுத்துருவேன்னு நெனச்சியோ?"

"ஆமா அண்ணாச்சி."

கவிழ்ந்து நின்ற கணினியைப் பார்த்தார். பிறகு, "எடுத்திருந்தாலும் எடுத்திருப்பேன்" என்றார். எழுந்து போய்விட்டார். கணினியை நிமிர்த்தச் சொல்லவில்லை. நிமிர்த்தாமல் இருக்கவும் சொல்லவில்லை. நாங்கள் அப்படியே விட்டுவிட்டோம்.

ஜூலை 10, புதன்

காலையில் அண்ணாச்சியோடு அய்யாத்துரை வந்தார். குரலைக் கேட்டு நான் கற்பனை செய்திருந்த ஆள் வேறு. வந்தவர் ஒல்லியாக, சட்டைப் பையில் திசைகாட்டியும் அளவு நாடாவுமாக இருந்தார். வாஸ்துவுக்கு வருவதற்கு முன்னால் வீடுகளுக்குக் குழாய் பதிக்கும் வேலை எடுத்துச் செய்தவராம். அண்ணாச்சி சொன்னதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

கணினியை நிமிர்த்தி வைத்து, கண்ணாடிக் கதவைக் கழற்றிக் காட்டினேன்.

"அய்யா, உங்க வீட்டு மோட்டார்ல ஏர் லாக் ஆனா என்ன செய்வீங்க?"

"காத்தை வெளிய எடுப்பேன். இல்லன்னா மோட்டார் சும்மா சுத்தும், தண்ணி ஏறாது."

"இதுல வெளிய எடுக்க வழி இல்ல. எல்லாப் பக்கமும் மூடினது. காத்து மேலதான் போகும். இப்ப மேல இருக்கிறது மோட்டாரு."

குனிந்து பார்த்தார். விரலால் பம்பைத் தொட்டார், குழாய் வழியே போனார், ரேடியேட்டரில் நின்றார், இன்னொரு குழாய் வழியே திரும்பினார். பிறகு நிமிர்ந்து அண்ணாச்சியைப் பார்த்தார்.

"யோவ், போன்ல என்ன சொன்னீரு? தண்ணி இருக்குன்னீரு. மோட்டார் இருக்குன்னு சொன்னீரா?"

"எனக்கு என்ன தெரியும்? உள்ள தண்ணின்னாங்க."

"தண்ணி சும்மா கெடந்தா அது கெணறு. ஈசானியம், பள்ளம். மோட்டார் போட்டு ஏத்தினா அது டேங்கு. டேங்கு மேல இருக்கணும், கன்னி மூலைல. ஓவர்ஹெட் டேங்கைக் கொண்டுபோய்ப் பள்ளத்துல வச்சிட்டு என்னைச் சொல்லுதீரு!"

"நான் உம்மை ஒண்ணும் சொல்லலையேய்யா."

"மனசுல சொன்னீரு."

திசைகாட்டியை வைத்துப் பார்த்து, கணினியைக் கால் திருப்பம் திருப்பச் சொன்னார். ரேடியேட்டர் கூரையில், குழாய் முனை தென்மேற்கில். எனக்குத் தென்மேற்கு பற்றி ஒரு கருத்தும் கிடையாது. கூரைதான் வேண்டும். போகும்போது என்னிடம், "இந்த ஏர் லாக் கேள்வியை ஒரு மாசத்துக்கு முன்னாலேயே எனக்குப் போன்ல கேட்டிருக்கலாமேம்மா" என்றார். எல்லாரும் இதையே சொல்கிறார்கள்.

அண்ணாச்சி கிதியோனைப் போனில் பிடித்தார். "தம்பி, நாளைக்கு ஒரு எட்டு வாரீரா? ஏசுறதுக்கு இல்ல. சாப்பாடு எங்க வீட்ல." அவர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது இதுதான் முதல் முறை. இது மன்னிப்புத்தானா என்று பேச்சியக்காவுக்குச் சந்தேகம். எனக்கு இல்லை.

ஜூலை 11, வியாழன்

கிதியோன் வந்தார். நீலச் சட்டை. போன முறையும் நீலம்தான், ஆனால் வேறு நீலம்.

ரேடியேட்டரைக் கழற்றி மேலே கொண்டுபோனார். மூன்று விசிறிகளும் சூடான காற்றைக் கூரை வழியே வெளியே தள்ளும்படி திருப்பினார். நான் குழாய்களைப் பிடித்துக்கொண்டேன். "மடிஞ்சிடக் கூடாதுங்க. பெரிய வளைவா விடுங்க. கிராபிக்ஸ் கார்டு மேல உரசாம." எந்தப் பக்கம் வளைத்தால் குழாய் இழுபடாமல் நிற்கும் என்று இரண்டு மூன்று விதமாகப் பார்த்தோம். கடைசியில் நினைவகச் சில்லுகளுக்கு முன்னால் இரண்டும் சேர்ந்து இறங்கும்படி வைத்தோம். பிறகு கேபினட்டை இடமும் வலமுமாக மெல்லச் சாய்த்தார், குழந்தைக்கு ஏப்பம் வரவைப்பது போல. குளுக். குளுக். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றேன். "நீங்க சொன்னது சரின்னு. சொல்லாம இருந்துட்டேன். உங்களை ஏசும்போதும் சொல்லல. மன்னிச்சிருங்க."

"தெரியும்ங்க."

"என்ன தெரியும்?"

"கையேட்டுல அந்தப் பக்கத்துல நீங்க பென்சில்ல கோடு போட்டிருந்தீங்க. பூட்டும்போதே பாத்தேன்."

"அப்ப ஏன் அண்ணாச்சிகிட்ட காட்டலை?"

ஸ்குரூவை முறுக்கி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "காட்டினா உங்க சன்னல் போயிருமோன்னு. அவர் சம்மதிச்சதை நீங்க அக்காகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தீங்க. அப்ப உங்க முகத்தைப் பாத்தேன்."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப் போவதில்லை. பேச்சியக்கா அங்கே இருந்தார். எங்கள் மூவருக்கு மட்டும் தெரியும்.

ஜூலை 16, செவ்வாய்

ஏப்ரல் மிச்சம், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். சூடு அறுபத்திரண்டு.

ஜூலை 21, ஞாயிறு

செப்டம்பர், அக்டோபர், டிசம்பர். நவம்பரைக் கடைசிக்கு வைத்தேன். மழை நாள். கண்ணாடியில் நானூறு துளி. ஒவ்வொன்றுக்குள்ளும் வெளியே இருக்கும் மொத்தத் தெருவும் தலைகீழாகத் தெரிய வேண்டும்.

சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை கரண்ட் இல்லை. சேமித்து வைக்கவில்லை. நவம்பர் முதலிலிருந்து.

ஜூலை 22, திங்கள்

காலை ஒன்பதரை. நவம்பர் எண்பது சதவீதம். அச்சுக்குப் பிளேட் போடுகிறவர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் அண்ணாச்சி.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு மணி நேரம் அண்ணாச்சி. துளியைக் குறைச்சா இப்பவே முடிச்சிருவேன். பாதித் துளி போதும்."

முன்பு என்றால் கேட்காமலே குறைத்திருப்பேன்.

"குறைக்கலாமா?" என்றார் அண்ணாச்சி.

"வேண்டாம்னு நினைக்கிறேன்."

"நினைக்கியா, சொல்லுதியா?"

"சொல்றேன். வேண்டாம்."

அண்ணாச்சி பிளேட்காரரிடம் திரும்பினார். "முருகனை முதல்ல ஏத்து. அவருக்குப் பொறுமை கம்மி. சன்னல் மத்தியானம் வரும்."

பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தது. நானூறு துளியும் இருந்தன. அண்ணாச்சி இன்று வீட்டுக்குத் தூங்கப் போகவில்லை.

ஆகஸ்ட் 3, சனி, ஆடிப் பதினெட்டு

பூஜை போட்டு ஆல்பம் வெளியிட்டோம். வெளியூர் ஏஜெண்டுகள் வந்திருந்தார்கள். சந்தனம், சர்க்கரைப் பொங்கல். என் சன்னல் நாற்பத்தொன்றாம் பக்கம். மூலையில் தள்ளி நின்று அவர்கள் புரட்டுவதைப் பார்த்தேன். நாற்பதில் மீனாட்சி, நாற்பத்திரண்டில் குழந்தைக் கிருஷ்ணன். நடுவில் யாரும் நிற்கவில்லை. ஒருவர் மட்டும் நின்றார். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மீனாட்சியையே ரெண்டு செகண்டுதான் பாத்தானுக, விடு" என்றார் பேச்சியக்கா.

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இரண்டு தட்டுப் பொங்கல் சாப்பிட்டேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

குறித்து வைக்கிறேன். நேற்றோடு ஆர்டர் முடிந்தது. அந்த ஆல்பத்தில் முருகன்தான் முதலிடம். சன்னலுக்கு ஆறு ஆர்டர்கள். தேனியில் சன்னலுக்குக் கொசுவலை அடிக்கும் கடை ஒன்று, இரண்டு கண் மருத்துவர்கள், கோவில்பட்டியில் ஒரு பல் மருத்துவர், நாகர்கோவிலில் ஒரு நூலகர் சங்கம், சாத்தூரில் ஒரு கணினிக் கடை. அண்ணாச்சி அடுத்த வருடத்துக்குக் கதவுகள் கேட்டிருக்கிறார்.

சாத்தூர் ஆர்டர் ஐம்பது பிரதிதான். நூறுக்குக் குறைந்தால் நாங்கள் அச்சிடுவதில்லை. அண்ணாச்சி கையெழுத்துப் போட்டு அனுமதித்தார். பார்சலில் அனுப்பவில்லை. இன்று காலை பஸ்ஸில் நானே கொண்டுபோய்க் கிதியோன் கையில் கொடுத்தேன்.